லேசாக ஒரு காதல் கதை: மாத நாவலா, வாடகை நூலகமா, கிண்டிலா, ஆப் தொடரா?

"வேலை முடிந்து வந்தால் தலை கனக்கிறது. யோசிக்காமல் படிக்க ஒரு காதல் கதை வேண்டும். எங்கே தொடங்கலாம்?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் இரண்டு வகை. கல்லூரி நாட்களில் ரமணிசந்திரனின் காதல் நாவல்களைத் தலையணைக்கடியில் வைத்துப் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை, வேலை என்று ஓடி, இப்போது திரும்பி வருபவர்கள் ஒரு வகை. ஃபோனில் தொடர்கதை மட்டுமே படித்துப் பழகி, "எதுவும் முடியவே மாட்டேன் என்கிறது" என்று அலுத்துப்போனவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் எழுத்தாளர் பெயர் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் எதில் படிப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

ஏனென்றால் கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவன் தொழிலதிபர், உயரம், கோபக்காரன், எப்போதோ ஒரு பெண்ணால் மனம் நொந்தவன். அவள் நடுத்தரக் குடும்பம், அப்பா இல்லை, தன்மானம் அதிகம். ஏதோ ஒரு கட்டாயத்தில் கல்யாணம் நடக்கும். அத்தை மகள் ஒருத்தி நடுவில் புகுந்து ஒரு பொய்யை விதைப்பாள். நாயகிக்குக் காய்ச்சல் வரும், இரவு முழுக்க அவன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போடுவான். அங்கிருந்து கதை திரும்பும். கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள். இதெல்லாம் முதல் பக்கத்திலேயே தெரியும் என்பதால்தான் களைத்த மனசு இதில் இளைப்பாறுகிறது. யாருக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு இல்லை. "கடைசியில் நல்லதாக முடியும்" என்று கதை நமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை எந்த வடிவம் காப்பாற்றுகிறது, எது காப்பாற்றுவதில்லை என்பதை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், முடிவு கையில் இருக்கிறதா என்பது. இரண்டாவது நேரம்: ஒரு விடுமுறை மதியத்திலோ இரண்டு ராத்திரிகளிலோ முடியுமா, மாதக்கணக்கில் இழுக்குமா? மூன்றாவது பணம். விலையைச் சொல்லவில்லை, விலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செலவைத்தான் சொல்கிறேன். நாலாவது, அச்சுக்கோ திரைக்கோ வருமுன் யாராவது ஒருவர் படித்துப் பார்த்துத் திருத்தினாரா என்பது. ஒற்றுப்பிழையும் ஒரே வாக்கியம் மூன்று முறை வருவதும் இளைப்பாறலைக் கெடுக்கும். அப்புறம் கண்: நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்தவருக்கு இன்னொரு திரை எவ்வளவு தாங்கும்?

| | முடிவு கையில்? | நேரம் | நேர்ச் செலவு | ஒளிந்த செலவு |
|---|---|---|---|---|
| மாத நாவல் | ஆம் | ஒரு மதியம் | மிகக் குறைவு | பொடி எழுத்து, மறுபதிப்பு |
| வாடகை நூலகம் | ஆம் | இரண்டு மூன்று ராத்திரி | புத்தகத்துக்குச் சில ரூபாய் | முன்பணம், தாமதக் கட்டணம், அலைச்சல் |
| கிண்டில் சந்தா | பெரும்பாலும் | கதையைப் பொறுத்து | மாதம் இருநூறு ரூபாய்க்குள் | தானாகப் புதுப்பிக்கும் சந்தா, நீளம் |
| ஆப் தொடர் | பெரும்பாலும் இல்லை | வாரங்கள், மாதங்கள் | இலவசத்தில் தொடங்கும் | காயின் (பூட்டிய பகுதியைத் திறக்கும் கட்டணம்), காத்திருப்பு, தூக்கம் |
| ஆடியோ | ஆம், தேடினால் | வேலையோடு வேலையாக | விளம்பரம் மட்டும் | குரல், விட்ட இடம் தேடுவது |

மாத நாவல்

பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் அந்த மெல்லிய புத்தகம்தான். தினத்தந்தி குழுமத்தின் ராணி முத்து 1969-இல் மாதம் ஒரு நாவல் என்று தொடங்கியது. அதற்கு முன் வார இதழில் வாரம் ஒரு அத்தியாயமாக ஒரு வருஷம் காத்திருந்து படித்ததை, ஒரே மூச்சில் படிக்கும் பழக்கத்தை அதுவும் பின்னால் வந்த மாலைமதி, கண்மணி போன்றவையும் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. பயணத்துக்கு பஸ் ஸ்டாண்டில் ஒன்று வாங்கி, இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போன தலைமுறை இருந்தது.

லேசான வாசிப்புக்கு இன்றும் இதுதான் முதல் இடம் என்பது என் முடிவு. பக்க அளவு முன்கூட்டியே கட்டுப்பட்டது, எனவே எழுத்தாளர் இழுக்க முடியாது. காய்ச்சல் வந்தால் பத்துப் பக்கத்துக்குள் இறங்கியாக வேண்டும். ஓர் இதழாசிரியர் பார்த்திருக்கிறார், எனவே படுக்கையறைக் காட்சியும் அடிதடியும் ஓர் எல்லைக்குள் நிற்கும். வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் எடுத்துப் புரட்டினாலும் பதற வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தாள் செய்தித்தாள் ரகம், எழுத்து பொடி. நாற்பது தாண்டிய கண்ணுக்கு இரவு விளக்கில் சிரமம். பழைய நாவல்களை மறுபதிப்பாகப் போடுவதும் உண்டு, எனவே கடையிலேயே நின்று முதல் இரண்டு பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். இருபது வருஷம் முன் படித்ததைத் திரும்பப் படிப்பது சிலருக்கு இனிப்பு, சிலருக்கு ஏமாற்றம். மாதம் கடந்தால் அந்த இதழ் கடையில் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாடகை நூலகம்

இந்த வகைக் கதைக்கும் வாடகை நூலகத்துக்கும் உள்ள உறவு நம் ஊரில் தோன்றியது அல்ல. ஆங்கிலக் காதல் நாவல்களின் பெயராகவே ஆகிவிட்ட மில்ஸ் அண்ட் பூன், 1908-இல் லண்டனில் எல்லா வகைப் புத்தகங்களும் போடும் சாதாரணப் பதிப்பகமாகத்தான் தொடங்கியது. 1930-களில் இங்கிலாந்தின் சிறு ஊர்க் கடைகளில் இருந்த வாடகை நூலகங்கள்தான் அதைக் காதல் நாவல் பதிப்பகமாக மாற்றின. பழுப்பு அட்டை, கெட்டி பைண்டிங், பல கைகள் மாறினாலும் கிழியாத புத்தகம். வாசகி அட்டை நிறத்தைப் பார்த்தே எடுப்பார், எழுத்தாளர் பெயரைக்கூடப் பார்க்க மாட்டார். அந்த நூலகங்கள் அங்கே மங்கிய பிறகு, கனடாவின் ஹார்லெகுவின் நிறுவனத்தோடு சேர்ந்து மலிவுப் பதிப்புக்கு மாறி, 1971-இல் அதோடு இணைந்துவிட்டது. ஆனால் அளவு மாறவில்லை: இருநூறு பக்கத்துக்குள் ஒரு கதை, கடைசியில் சேர்க்கை.

சென்னையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் போன்றவை அதே வேலையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்துச் செய்தன. ஊருக்கு ஊர் ஒன்று இருந்தது, பலவற்றை மூடிவிட்டார்கள். உங்கள் ஊரில் ஒன்று மிச்சமிருந்தால் அதை விடாதீர்கள். பொதுவான வழக்கம், சேரும்போது திருப்பித் தரக்கூடிய முன்பணம், அப்புறம் புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. 150 ரூபாய்ப் புத்தகம் 15 ரூபாய்க்கு வீட்டுக்கு வரும்.

வாடகை நூலகத்துப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காலிகோ துணி ஒட்டிய முதுகு, ஒட்டுத்தாளில் சாய்வாக விழுந்த தேதி முத்திரைகள், ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளியோ நட்சத்திரமோ முதலெழுத்தோ. அது "இதை நான் படித்துவிட்டேன்" என்று வாசகிகள் தங்களுக்கே இட்டுக்கொள்ளும் அடையாளம். கதைகள் ஒன்றுபோல் இருக்கும்போது தலைப்பை வைத்து நினைவுவைக்க முடியாது, அதனால் வந்த பழக்கம். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் "சூப்பர்" என்றோ "அழுதுவிட்டேன்" என்றோ இருக்கும். மதிப்புரை வேண்டுபவருக்கு அது போதும். நூலகக்காரர் இன்னும் பெரிய உதவி: "போன தடவை எடுத்தது பிடித்ததா? அப்ப இதையும் எடுத்துட்டுப் போங்க" என்று அவர் நீட்டும் புத்தகம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ரமணிசந்திரன் 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கையை விலை கொடுத்து வாங்கி அடுக்க எந்த வீட்டிலும் இடம் இல்லை. இப்படி எடுத்து, படித்து, திருப்பிக் கொடுக்கவென்றே அமைந்த கதைகள் இவை.

ஒளிந்த செலவு தாமதத்தில் இருக்கிறது. மூன்று புத்தகம் எடுத்து வந்து, தேர்வு, காய்ச்சல், விருந்தாளி என்று மூன்று வாரம் ஓடிவிட்டால் கட்டணம் புத்தக விலையை நெருங்கும். ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள், 15 ரூபாய்ப் புத்தகத்துக்கு 80 ரூபாய் ஆட்டோ கட்டுப்படியாகாது. அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் அரசுக் கிளை நூலகம் இருக்கிறதா பாருங்கள். உறுப்பினர் கட்டணம் மிகச் சொற்பம், பழைய குடும்ப நாவல்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கும். புதியவை வருவது குறைவு, அவ்வளவுதான்.

கிண்டில் சந்தா

2016 டிசம்பரில் அமேசானின் மின்நூல் சேவையான கிண்டிலில் தமிழ் வந்தது. அதன் பிறகு தமிழ்க் காதல் நாவல் உலகத்தில் பெரிய மாற்றம் நடந்தது. இது நடக்கும் விதம் தெரிந்தால் பல குழப்பம் தீரும். எழுத்தாளர் முதலில் தன் தளத்தில் கதையை வாரம் இரண்டு மூன்று எபியாக (எபிசோடாக) இலவசமாகப் போடுவார். முடிந்ததும் சில நாள் லிங்க் இருக்கும், பிறகு காணாமல் போகும். வாசகிகள் கோபப்படுவார்கள். காரணம், மாதம் ஒரு தொகை கட்டி வேண்டிய புத்தகங்களைப் படிக்கும் அமேசானின் சந்தாத் திட்டத்தில் ஒரு மின்நூலைச் சேர்த்தால் அது வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது என்பது விதி. எழுத்தாளருக்கு வருமானம் வருவது அங்கிருந்துதான், எனவே லிங்க்கை எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொரு விதியும் கதையைத் தொடுகிறது. சந்தாவில் படிக்கப்படும் புத்தகத்துக்குப் படித்த பக்கங்களின் கணக்கில் பணம் தருகிறார்கள். பக்கம் கூடினால் வரவு கூடும். மாத நாவலில் பத்துப் பக்கம் எடுத்த காய்ச்சல் இங்கே அறுபது பக்கம் எடுக்கலாம், பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று பிரியலாம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் எடுக்குமுன் பக்க எண்ணிக்கையையும், தலைப்பில் "பாகம்" என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தொடக்கப் பக்கங்களை மாதிரியாக இலவசமாகப் படிக்கலாம், எழுத்துப்பிழையின் அளவு அதிலேயே தெரிந்துவிடும்.

இதன் பெரிய நன்மை எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது. தனியாகக் கருவி வாங்க வேண்டாம், ஃபோனில் ஆப் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. டொரண்டோவில் தமிழ் வாடகை நூலகத்தை எங்கே தேடுவது? மாதம் நாலைந்து புத்தகம் படிப்பவருக்குச் சந்தா லாபம். மாதம் ஒன்றுதான் படிக்கிறேன் என்றால் அந்த ஒன்றை மட்டும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், பல நாவல்கள் நூறு ரூபாய்க்குள் இருக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் எடுத்து வைத்த புத்தகங்கள் போய்விடும், நிறுத்த மறந்தால் பணம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். சேரும் அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஆப் தொடர்

யார் வேண்டுமானாலும் கதை எழுதவும் படிக்கவும் 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி என்ற ஆப்தான் இதில் பெரியது. இன்று தமிழில் காதல் கதை படிக்கிறேன் என்று சொல்பவர்களில் இளையவர்கள் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "லேசாகப் படிக்க" என்று இதற்குள் நுழைந்து களைத்துப்போனவர்கள் அதிகம்.

ஓர் எபி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வாசிப்பு. கடைசி வரி: "கதவைத் திறந்தவள், எதிரே நின்றவனைப் பார்த்து அப்படியே உறைந்து போனாள். தொடரும்." அடுத்த எபி திறந்தால் அவள் இன்னும் உறைந்துதான் நிற்கிறாள். நின்றவன் யார் என்பதற்கு முன் அவள் கல்லூரி நினைவு மூன்று பத்தி. பாதிக்கு மேல்தான் அவன் வாயைத் திறக்கிறான். அந்த எபி முடிவில் அவளுடைய ஃபோன் அடிக்கிறது. அதற்கடுத்தது பூட்டியிருக்கும்: காயின் கொடுத்துத் திறக்கலாம், சந்தா கட்டலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம்.

முடிவு தெரியும் என்ற நிம்மதிக்காக எடுத்த கதை, முடிவைக் காட்டாமல் வைத்திருப்பதையே தன் தொழிலாகக் கொண்டிருக்கிறது. இது எழுத்தாளரின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு எபிக்கும் வாசகர் வர வேண்டும், மதிப்பீடு வர வேண்டும், அப்போதுதான் கதை மேலே தெரியும். நூறு எபி தாண்டியும் ஓடும் கதைகள் சாதாரணம். பாதியில் நின்றுபோகும் கதைகளும் சாதாரணம், எழுதுபவருக்கும் வீடு, வேலை, குழந்தையின் பரீட்சை எல்லாம் இருக்கிறதே. வாசகியின் பக்கம் இழப்பு தூக்கம்தான். "இன்னும் ஒரு எபி" என்று பதினொன்றரைக்குத் தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்று படிப்பவர்களுக்குத் தெரியும்.

உள்ளடக்கத்திலும் ஒரு எச்சரிக்கை. "ஆன்டி ஹீரோ" என்று குறித்திருக்கும் கதைகளில் நாயகன் அடிப்பான், அடைத்துவைப்பான், வலுக்கட்டாயம் செய்வான், கடைசியில் அவள் மன்னிப்பாள். பழைய அச்சு நாவல்களிலும் கன்னத்தில் ஓர் அறை இருந்தது, அதுவும் நியாயமில்லைதான். ஆனால் இங்கே அதை நிறுத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் இல்லை. மனசு இளைப்பாற வேண்டும் என்றால் அந்தக் குறிச்சொல்லைத் தொடாதீர்கள். "ஃபீல் குட்", "குடும்பம்" என்று தேடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இது எப்போது சரியான தேர்வு என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டமாகப் படிக்கும் சுகம் வேறெதிலும் இல்லை. "அடுத்த யூடி (அப்டேட், அதாவது புது எபி) எப்போ சிஸ்?", "அந்த அத்தையை நாலு அறை விடணும்" என்று முகம் தெரியாதவர்கள் சேர்ந்து கோபப்படுவதும், எழுத்தாளர் வந்து பதில் சொல்வதும், தனியாக வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பெரிய துணை. சமையலறையிலிருந்து நேராக எழுத வந்த பெண்கள் பலருக்கு இதுதான் முதல் மேடை. தினமும் பதினைந்து நிமிஷ பஸ் பயணம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் என்றால் எபி அளவு அதற்குச் சரியாகப் பொருந்தும். நீங்களே எழுதிப் பார்க்கும் ஆசை இருந்தாலும் இங்கேதான் வர வேண்டும்.

அப்படி வருபவர்கள் மூன்றைப் பாருங்கள்: கதை முடிந்துவிட்டதா, மொத்தம் எத்தனை எபி, எத்தனையாவது எபியிலிருந்து பூட்டு. இந்த மூன்றும் முதல் பக்கத்தைச் சற்றே கீழே தள்ளினால் தெரியும்.

ஆடியோ

யூடியூபில் முழு நாவலையும் வாசித்துப் போடுகிறார்கள். பாத்திரம் துலக்கும்போது, துணி மடிக்கும்போது, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்கலாம். கண்ணுக்கு வேலை இல்லை. தெரிந்த சூத்திரம் என்பதால் நடுவில் குக்கர் விசில் பத்து வரியை விழுங்கினாலும் கதை கைவிட்டுப் போகாது. நல்ல இலக்கிய நாவலை இப்படிக் கேட்டால் பாதி போய்விடும், இந்த வகைக்கு இது பொருந்துகிறது.

குரல்தான் எல்லாம். நாயகன் பேசும்போதெல்லாம் குரலைக் கரகரப்பாக்குபவரை மூன்று மணி நேரம் தாங்க முடியாது. முதல் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எழுத்தாளரின் அனுமதியோடு வாசிக்கும் சேனல்கள் அதைக் குறிப்பில் சொல்கின்றன, அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

டெலிகிராம் பிடிஎஃப்

இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு பைசா என்று சம்பாதிக்கும் ஒருவரின் நாவல் டெலிகிராம் குழுக்களில் இலவசப் பிடிஎஃப்பாகச் சுற்றினால் அந்தப் பைசாவும் போகிறது. இதனால் எழுதுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. இலவசமாக வேண்டும் என்றால் கிளை நூலகம் இருக்கிறது.

யாருக்கு எது

ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருபவர் ஒரு மாத நாவலில் தொடங்குங்கள். பிடித்தால் அடுத்த சனிக்கிழமை வாடகை நூலகத்துக்கோ கிளை நூலகத்துக்கோ போங்கள். வெளிநாட்டில் இருப்பவரும், பெரிய எழுத்து தேவைப்படுபவரும், மாதம் நாலைந்து படிப்பவரும் கிண்டில் சந்தாவுக்குப் போகலாம். முதல் மாதம் முடிவதற்குள் எத்தனை படித்தீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சந்தாவை நீட்டியுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

ராத்திரி தூக்கம் ஏற்கெனவே குறைவாக இருப்பவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கைக்குழந்தைக்காரர்கள் ஆப் தொடரை இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. துணைக்கு ஆள் வேண்டும், பேச வேண்டும் என்று தோன்றும் காலத்தில் அதுவே நல்ல தேர்வாகும்.

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ என்றால் ஆடியோ. நீங்களே ஒரு பிளேலிஸ்ட் போட்டு, அடுத்தது தானாக ஓடும்படி வைத்து, விளம்பரத்தைத் தள்ளுவது எப்படி என்று ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள். அவருடைய காலத்து நாவலாகத் தேடிப் போடுங்கள்.